டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, இல்லை இரண்டும் கலந்ததா? வீட்டு வைஃபைக்கு எதை வைப்பது?

பதிவு 1 – மேசைவிளக்கு

புது ரவுட்டர், இரண்டு அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்). வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால் ஒரு பட்டியலே விரிகிறது: ஓப்பன், டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 கலப்பு, டபிள்யூபிஏ2 பெர்சனல், டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3, டபிள்யூபிஏ3 பெர்சனல், கடைசியில் என்டர்பிரைஸ். அதற்குக் கீழே என்கிரிப்ஷன் என்று தனியாக ஆட்டோ, டிகேஐபி, ஏஇஎஸ். இன்னும் கீழே பிஎம்எஃப் என்று ஒன்று.

இணைக்க வேண்டியவை: விண்டோஸ் 11 மடிக்கணினி 1, விண்டோஸ் 10 மடிக்கணினி 1, புது போன் 2, ஆண்ட்ராய்டு 8 போன் 1, டிவி, 2.4-இல் மட்டும் வேலை செய்யும் பிரின்டர், ஸ்மார்ட் பல்பு 4, கேமரா 1. இப்போதைய பாஸ்வேர்டு பத்து இலக்க எண். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

பதிவு 2 – அலைநீளம்

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம்.

டபிள்யூஇபி 1997-இல் வந்தது. ஆர்சி4 சைஃபர் (குறியாக்க முறை), ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தகவல் துண்டுக்கும்) 24 பிட் நீளத்தில் ஒரு தொடக்க எண். 24 பிட் என்றால் மொத்தமே 1.67 கோடி எண்கள்தான். போக்குவரத்து அதிகமுள்ள நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் அவை திரும்ப வர ஆரம்பித்துவிடும். 2001-இலேயே இதை உடைக்கும் கணித வழி வெளியானது. 2007-இல் வந்த முறைக்கு 40,000 பாக்கெட் கிடைத்தால் பாதி வாய்ப்பு, 85,000 கிடைத்தால் 95 சதவீதம். பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இதில் பயனில்லை, ஏனென்றால் இங்கே யாரும் பாஸ்வேர்டை ஊகிப்பதில்லை. பாக்கெட்டுகளிலிருந்து சாவியையே கணக்கிட்டு எடுக்கிறார்கள்.

2003-இல் வந்த டபிள்யூபிஏ ஒரு இடைக்காலக் கட்டு. டபிள்யூஇபி-க்காகச் செய்த அதே சிப்பில் மென்பொருள் புதுப்பிப்பு மட்டும் போட்டு ஓட்ட வேண்டும் என்பதற்காக உருவான குறியாக்க முறைதான் டிகேஐபி. உள்ளே இருப்பது அதே ஆர்சி4. 2012-ஆம் ஆண்டு 802.11 என்ற வைஃபை தரநிலையிலேயே அதை ஓய்வு பெற வைத்துவிட்டார்கள்.

என்டர்பிரைஸுக்கு ரேடியஸ் சர்வர் (ஆளுக்கொரு கணக்கைச் சரிபார்க்கும் தனிக் கணினி) வேண்டும். வீட்டுக்கு அது தேவையில்லை.

ஆக, உங்கள் கையில் உள்ளவை மூன்று: டபிள்யூபிஏ2 (ஆர்சி4-க்குப் பதிலாக ஏஇஎஸ் என்ற சைஃபர்), டபிள்யூபிஏ3, இரண்டும் கலந்தது. என்கிரிப்ஷன் பெட்டியில் எப்போதும் ஏஇஎஸ்தான். ஆட்டோ என்று விடாதீர்கள்.

பதிவு 3 – சந்தேகப்புலி

ஆட்டோ வைத்தால் என்ன குறைந்துவிடும்? புது கருவி ஏஇஎஸ் எடுத்துக்கொள்ளும், பழையது டிகேஐபி எடுத்துக்கொள்ளும். அவரவர் பாடு அவரவருக்கு என்றுதானே போகும்?

பதிவு 4 – அலைநீளம்

அப்படிப் போகாது. இதில் இரண்டு சிக்கல்.

ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையே தனிச் சாவி ஒன்று உண்டு. அதைத் தவிர எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஒரு குழுச் சாவி உண்டு. பிராட்காஸ்ட், மல்ட்டிகாஸ்ட் பாக்கெட்டுகள் அதில்தான் போகும். பொதுச் செய்தி என்பதால் இருப்பதிலேயே பழைய கருவிக்கும் அது புரிந்தாக வேண்டும். அதனால் டிகேஐபி, ஏஇஎஸ் இரண்டையும் விடும் ஆட்டோவில் குழுச் சாவி டிகேஐபி-க்கு இறங்கிவிடும். வீட்டில் டிகேஐபி கருவி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஐபோன் அந்த நெட்வொர்க்கின் கீழே 'பலவீனமான பாதுகாப்பு' என்று காட்டுவதும் இப்படிப்பட்ட அமைப்புக்குத்தான்.

இரண்டாவது வேகம். 802.11என் முதல் வந்த அதிவேக விகிதங்களை டிகேஐபி-யோடு பயன்படுத்தக் கூடாது என்பது தரநிலையின் விதி. டிகேஐபி-யில் சேர்ந்த கருவி 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. 'ரவுட்டர் மாற்றியும் வேகம் வரவில்லை' என்ற புகார்களில் சில, இந்த ஒரு பெட்டியை மாற்றினால் தீர்ந்துவிடும்.

பதிவு 5 – பாக்கெட்பிடி

மேசைவிளக்கு, மெனுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட அந்தப் பத்து இலக்க எண்தான் எனக்குக் கவலை. டபிள்யூபிஏ2-வின் ஏஇஎஸ்-ஐ யாரும் உடைக்கவில்லை, உடைவது பாஸ்வேர்டுதான். அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு போன் ரவுட்டரில் சேரும்போது இருவருக்கும் இடையே நான்கு செய்திகள் போய்வரும். அதில் பாஸ்வேர்டு நேரடியாக இருக்காது. ஆனால் ஒருவர் ஊகித்த பாஸ்வேர்டு சரியா தவறா என்று சோதிக்கத் தேவையான எல்லாமே அதில் இருக்கும். வெளியே ஒரு மடிக்கணினி அந்த நான்கு செய்திகளைக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டால், அதன்பிறகு உங்கள் ரவுட்டர் அவர்களுக்குத் தேவையே இல்லை. 2018-இல் வெளியான பிஎம்கேஐடி முறையில் போன் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பல ரவுட்டர்கள் முதல் செய்தியிலேயே சோதிக்கப் போதுமான ஒரு மதிப்பைக் கொடுத்துவிடும்.

தடையாக டபிள்யூபிஏ2 வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு ஊகத்துக்கும் 4096 முறை ஹாஷ் (திருப்பிப் போட முடியாத ஒரு கணக்கு) செய்ய வேண்டும். இன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று அதையும் செய்து முடித்து விநாடிக்குப் பத்து லட்சம் ஊகங்களுக்கு மேல் சோதித்துவிடும். அந்தப் பத்து லட்சத்தையே கணக்கில் எடுத்துக்கொள்வோம்:

8 இலக்க எண்: மொத்தம் 10 கோடி. 100 விநாடி.
10 இலக்க எண்: மொத்தம் 1,000 கோடி. 10,000 விநாடி, அதாவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.
12 குறிகள், கணினி குலுக்கிப் போட்ட சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும்: குழப்பும் ஓ, பூஜ்யம், எல், ஒன்று நான்கையும் நீக்கினால் மிஞ்சுவது 32 குறி. ஒவ்வொன்றுக்கும் 5 பிட், 12-க்கு 60 பிட். ஒரு கார்டுக்கு 36,000 ஆண்டுக்கு மேல்.

ஆயிரம் கார்டு போட்டால் அந்த 36,000 வெறும் 36 ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் 14 வையுங்கள். இரண்டு குறி கூட்டினால் 1024 மடங்கு.

குலுக்கிப் போட்டது என்பதுதான் இதில் முக்கியம். பிள்ளை பெயரும் பிறந்த வருடமும், பாட்டு வரி, பழமொழி, இனிஷியலோடு வாகன எண் எல்லாம் ஊகப் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

பதிவு 6 – திண்ணைவாசி

பாக்கெட்பிடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, டாலர் குறி, மேற்கோள் குறி எல்லாம் கலந்து வைத்தால்தான் பாதுகாப்பு என்று நினைத்து பலர் சிக்கிக்கொள்வார்கள். டிவி ரிமோட்டில் அம்புக்குறியைத் தட்டித் தட்டி அதை அடித்துப் பாருங்கள், தெரியும். சில பல்பு, கேமரா செயலிகள் மேற்கோள் குறி, அம்பர்சாண்ட், இடைவெளி வந்தால் பாஸ்வேர்டைப் பாதியிலேயே வெட்டிவிடும். அப்புறம் 'பாஸ்வேர்டு தவறு' என்றே திரும்பத் திரும்பச் சொல்லும். சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து நீளத்தைக் கூட்டுவது எல்லா வகையிலும் நல்லது.

நீளம் 8 முதல் 63 வரை. ஆஸ்கி குறிகள் (ஆங்கில எழுத்து, எண், சாதாரணக் குறிகள்) மட்டும், அதனால் தமிழ் எழுத்து வைக்க முடியாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைக்கலாம். ஆனால் சொற்களை நீங்களே யோசித்து எடுக்காமல் பட்டியலும் தாயக்கட்டையும் வைத்து எடுங்கள். 7776 சொல் உள்ள பட்டியலில் ஐந்து சொல் எடுத்தால் 64 பிட்டுக்குக் கொஞ்சம் மேலே. ழகரம் வரும் சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் எழுதுவார்கள்.

பதிவு 7 – சந்தேகப்புலி

சரி, பாஸ்வேர்டு நீளமாக வைத்தாயிற்று. அப்புறம் டபிள்யூபிஏ3 எதற்கு?

பதிவு 8 – பாக்கெட்பிடி

மூன்று காரணம்.

எஸ்ஏஇ. டபிள்யூபிஏ3-யில் அந்த நான்கு செய்திக்கு முன்னால் இன்னொரு பரிமாற்றம் நடக்கும், அதுதான் எஸ்ஏஇ. அதைப் பதிவு செய்து கொண்டுபோனாலும் வீட்டில் உட்கார்ந்து சோதிக்க ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே நேரில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். விநாடிக்குப் பத்து லட்சம் என்பது விநாடிக்கு ஒரு சில ஊகம் என்று சுருங்கிவிடும்.

பழைய பதிவுகள். டபிள்யூபிஏ2-வில் ஒருவருக்கு பாஸ்வேர்டு தெரிந்து, நீங்கள் சேர்ந்த நேரத்து நான்கு செய்திகளும் அவரிடம் இருந்தால், உங்கள் வைஃபை போக்குவரத்தை அவர் பிரித்துப் படிக்கலாம். நேற்றுப் பதிந்ததையும் இன்று படிக்கலாம். வீட்டுக்கு வந்துபோன எல்லோருக்கும் பாஸ்வேர்டு கொடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். டபிள்யூபிஏ3-யில் ஒவ்வொரு இணைப்புக்கும் சாவி புதிதாகப் பிறக்கிறது. பாஸ்வேர்டு தெரிந்தாலும் பழைய பதிவு திறக்காது.

பிஎம்எஃப். போனை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கும் கட்டளை டபிள்யூபிஏ2-வில் கையொப்பம் இல்லாத கடிதம் மாதிரி. யார் வேண்டுமானாலும் ரவுட்டர் பெயரில் அனுப்பலாம். அப்படித் துண்டித்து மறுபடி சேர வைத்துத்தான் அந்த நான்கு செய்திகளைப் பிடிப்பார்கள். பிஎம்எஃப் அந்தக் கட்டளைக்கும் முத்திரை வைக்கிறது. டபிள்யூபிஏ3-யில் இது கட்டாயம்.

2019-இல் எஸ்ஏஇ-யிலும் சில ஓட்டைகள் வெளிவந்தன, டிராகன்பிளட் என்று பெயர். புதுப்பித்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) இருந்தால் அதற்காக டபிள்யூபிஏ3-யைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

பதிவு 9 – மேசைவிளக்கு

அப்படியானால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு வைத்துவிடலாமா? பழையதும் சேரும், புதியதுக்கு டபிள்யூபிஏ3 கிடைக்கும்.

பதிவு 10 – அலைநீளம்

வைக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். புது கருவி எஸ்ஏஇ-யில் சேரும், பழையது டபிள்யூபிஏ2-வில் சேரும், இரண்டுமே ஏஇஎஸ்.

பதிவு 11 – பாக்கெட்பிடி

இதில் நான் அலைநீளத்தோடு ஒத்துப்போகவில்லை. கலப்பு முறையில் பாஸ்வேர்டு ஒன்றுதான். உங்கள் வைஃபை பெயரிலேயே டபிள்யூபிஏ2 மட்டும் உள்ள போலி ரவுட்டர் ஒன்றை ஒருவர் வைத்தால், கலப்பு நெட்வொர்க்காகச் சேமித்து வைத்த புது போனும் டபிள்யூபிஏ2-வில் பேசிப் பார்க்கும். நான்கில் இரண்டாவது செய்தியைப் போன் அனுப்பியதுமே ஊகத்தைச் சோதிக்க வேண்டியது கிடைத்துவிட்டது. போலி ரவுட்டருக்குப் பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லை. அந்தப் பழைய ஆண்ட்ராய்டு 8 போன் வழியாகவும் இதே கதைதான். கலப்பு என்றால் பாஸ்வேர்டைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் டபிள்யூபிஏ2-வில்தான் இருக்கிறீர்கள்.

என் பரிந்துரை: இரண்டு பெயர், இரண்டு பாஸ்வேர்டு. 5 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 மட்டும், பிஎம்எஃப் 'ரிக்வயர்டு'. 2.4-இல் இன்னொரு பெயரில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், பல்பு வகையறாவுக்கு.

பதிவு 12 – அலைநீளம்

போலி ரவுட்டர் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 14 குறி குலுக்கல் பாஸ்வேர்டு இருந்தால் அந்தச் செய்தியைப் பிடித்தவருக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. பிரித்து வைத்தால் அன்றாடம் வரும் தொல்லையையும் சொல்ல வேண்டுமே: போன் ஒரு நெட்வொர்க்கிலும் பிரின்டர் இன்னொன்றிலும் இருந்தால், இரண்டையும் ரவுட்டர் ஒரே லேனாக (வீட்டு உள் நெட்வொர்க்காக) வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெஸ்ட் நெட்வொர்க்காக, அதாவது விருந்தாளிகளுக்கான தனி நெட்வொர்க்காகப் பிரித்தால், கருவிகளை ஒன்றுக்கொன்று மறைக்கும் தனிமைப்படுத்தல் (ஐசொலேஷன்) தானாகவே இயங்கும். அப்போது போனில் பிரின்டர் தெரியாது, டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. பல்பு செயலி இணையம் வழியாக வேலை செய்யும், ஆனால் முதன்முறை அமைக்கும்போது போனும் பல்பும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

பதிவு 13 – பாக்கெட்பிடி

அதனால்தான் பிரின்டரையும் டிவியையும் கெஸ்ட்டில் போடச் சொல்லவில்லை. 2.4 முக்கிய நெட்வொர்க்கில் (டபிள்யூபிஏ2) பிரின்டர், டிவி, பழைய போன். கெஸ்ட்டில் பல்பும் கேமராவும், விருந்தாளிகளும். 5-இல் மடிக்கணினிகளும் புது போன்களும். 2.4 முக்கியமும் 5-உம் பெரும்பாலான ரவுட்டர்களில் ஒரே லேன், அதனால் பிரின்ட் வேலை செய்யும். பல்பு அமைக்கும் பத்து நிமிடம் போனை கெஸ்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, முடிந்ததும் திரும்பிவிடலாம். அப்போதும் போனுக்குப் பல்பு தெரியவில்லை என்றால் கெஸ்ட்டில் உள்ள ஐசொலேஷனை அந்தப் பத்து நிமிடத்துக்கு எடுத்துவிட்டு, பிறகு மறக்காமல் போடுங்கள்.

பதிவு 14 – திண்ணைவாசி

இருவரும் முக்கியமான ஒன்றைத் தொடவே இல்லை: டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனோ பின் எண்ணோ வைத்துக் கருவியைச் சேர்க்கும் வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன 14 குறிக் கணக்கெல்லாம் வீண்.

டபிள்யூபிஎஸ் பின் 8 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, ஆக மிச்சம் 7. அதையும் ரவுட்டர் இரண்டு துண்டாகச் சோதிக்கிறது. முதல் 4 தவறா என்று தனியாகச் சொல்லிவிடும். 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சி. இது 2011 டிசம்பரிலேயே வெளிவந்த விஷயம். பின்னைக் கண்டுபிடித்தால் ரவுட்டர் உங்கள் முழு பாஸ்வேர்டையும் எடுத்துக் கொடுத்துவிடும். பின் முறையை அணைத்துவிடுங்கள். பட்டன் முறை மட்டும் தனியாக விட வழி இருந்தாலும், வீட்டில் அதற்கு என்ன வேலை? முழுதாக அணையுங்கள். டபிள்யூபிஏ3-யோடு டபிள்யூபிஎஸ் சேராது, ஆனால் 2.4-இல் டபிள்யூபிஏ2 வைத்தால் அங்கே அது உயிரோடு இருக்கலாம். இரண்டு அலைவரிசையிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

பதிவு 15 – சந்தேகப்புலி

பெயரை மறைத்து வைப்பது, மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) வடிகட்டி?

பதிவு 16 – பாக்கெட்பிடி

இரண்டும் வேண்டாம். மேக் முகவரி ஒவ்வொரு பாக்கெட்டிலும் குறியாக்கம் இல்லாமல் போகிறது. கேட்டு அப்படியே போட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு இன்றைய போன்கள் முகவரியை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் வடிகட்டி உங்களையே வெளியே நிறுத்தும். பெயரை மறைத்தாலும் ஒரு கருவி சேரும்போது வெளிவந்துவிடும். அதோடு உங்கள் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக் கேட்டுக்கொண்டே போகும்.

பதிவு 17 – அலைநீளம்

மேசைவிளக்கு, செய்யும் வரிசை இது. ரவுட்டரோடு லேன் கேபிள் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வைஃபையில் இருந்து செய்தால் பாதியில் நீங்களே வெளியே விழுவீர்கள்.

192.168.0.1 அல்லது 192.168.1.1 திறந்து (எது என்பது ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும்) முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, அது முடிந்து ரவுட்டர் தானாக மீண்டும் தொடங்கும்வரை தொடாதீர்கள். பிறகு டபிள்யூபிஎஸ் அணைப்பு. பிறகு பெயர்கள்: ரவுட்டர் மாடல் எண்ணோடு வந்த பெயரை விட்டுவிடாதீர்கள். சாவி செய்யும்போது பாஸ்வேர்டோடு வைஃபை பெயரும் உப்பாகக் கலக்கப்படுகிறது. எல்லோரும் வைத்திருக்கும் பெயர் என்றால் அதற்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல் இருக்கும். கடைசியாக செக்யூரிட்டி முறையும் பாஸ்வேர்டும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் இயங்கினால் அதையும் அணையுங்கள்.

டபிள்யூபிஏ3 ஆதரவு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13, விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பில் தொடங்கியது. ஆனால் சிப்பும் டிரைவரும் ஒத்துழைக்க வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' (ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்) என்று கேட்டால் எந்தெந்த முறை முடியும் என்று பட்டியல் தரும். பட்டியலில் டபிள்யூபிஏ3 பெர்சனல் இல்லையா, கார்டு தயாரிப்பாளரின் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள். சேர்ந்த பிறகு 'ஷோ இன்டர்ஃபேசஸ்' கொடுத்தால் உண்மையில் எந்த முறையில் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். கலப்பு வைத்தவர்கள் கட்டாயம் இதைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்று நினைத்துக்கொண்டு டபிள்யூபிஏ2-வில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு 8 போனில் இன்னொன்று பாருங்கள்: அமைப்புகளில் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதி. 2017-இல் வந்த, 'க்ராக்' என்ற டபிள்யூபிஏ2 ஓட்டைக்கான திருத்தம் 2017 நவம்பர் 6 தேதியிட்ட புதுப்பிப்பில் வந்தது. அதற்கு முந்தைய தேதி காட்டினால் அந்தப் போனைக் கெஸ்ட்டில் போடுங்கள்.

பதிவு 18 – மேசைவிளக்கு

பாக்கெட்பிடி சொன்னபடி பிரித்தேன். மூன்று சிக்கல்: விண்டோஸ் 10 மடிக்கணினி 5-இல் 'இணைக்க முடியவில்லை' என்கிறது, டிரைவர் பட்டியலில் டபிள்யூபிஏ3 இருக்கிறது. பல்பு நான்கில் இரண்டு சேரவில்லை. கேமரா சேர்கிறது, சில நிமிடத்தில் விழுகிறது.

பதிவு 19 – பாக்கெட்பிடி

மடிக்கணினி: 5-க்குப் பழைய பெயரையே வைத்தீர்களா? விண்டோஸ் அந்தப் பெயரை டபிள்யூபிஏ2 என்று சேமித்து வைத்திருக்கும். நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்து புதிதாகச் சேருங்கள்.

பல்பு: கெஸ்ட்டில் என்ன முறை இருக்கிறது? பல ரவுட்டர்களில் கெஸ்ட் தானாகக் கலப்பில் நிற்கும். மலிவான சிப்புகள் சில, இரண்டு முறையை ஒன்றாக அறிவிக்கும் நெட்வொர்க்கைப் பார்த்தாலே குழம்பிவிடும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வைத்து, பிஎம்எஃப் 'டிசேபிள்டு' ஆக்கிப் பாருங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் 2.4-இன் வயர்லெஸ் மோடை 11ஏஎக்ஸ் (வைஃபை 6) இல்லாமல் 11பி/ஜி/என் என்று இறக்குங்கள்.

கேமரா: பிஎம்எஃப் 'கேப்பபிள்' (கருவிக்கு முடிந்தால் மட்டும்) நிலையில் சில நிமிடம் ஓடி விழுவது பார்த்த கதைதான். அது இல்லை என்றால் குழுச் சாவி புதுப்பிக்கும் இடைவெளியைப் பாருங்கள். 3600 விநாடி இருக்க வேண்டியது. 120, 300 என்று இருந்தால் சரியாக அந்த இடைவெளியில்தான் விழும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதிவு 20 – மேசைவிளக்கு

ஃபர்கெட் செய்ததும் மடிக்கணினி டபிள்யூபிஏ3-யில் சேர்ந்துவிட்டது. கெஸ்ட் கலப்பில்தான் இருந்தது. டபிள்யூபிஏ2 மட்டும் ஆக்கியதும் இரண்டு பல்பும் வந்தன. கேமராவுக்கு இடைவெளி 300 இருந்தது, 3600 ஆக்கினேன், இப்போது நிற்கிறது.

கடைசிச் சந்தேகம்: வைஃபை பெயரைத் தமிழில் வைக்கலாமா?

பதிவு 21 – திண்ணைவாசி

வைக்கலாம். பாஸ்வேர்டுக்குத்தான் ஆஸ்கி கட்டுப்பாடு. பெயருக்கு 32 பைட் இடம் உண்டு. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், மேலே வரும் புள்ளிக்கும், கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக 3 பைட். 'வீட்டு வலை' என்பது 28 பைட், அடங்கும். 'எங்கள் வீட்டு வலை' அடங்காது. 5-க்கு மட்டும் தமிழ்ப் பெயர் வையுங்கள். 2.4-க்கும் கெஸ்ட்டுக்கும் ஆங்கில எழுத்தே இருக்கட்டும். பிரின்டரின் சின்னத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.